பம்புக்கும் உண்டு ஆண்டுத் தேர்வு

1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில், ‘ஒன் மெரிடியன் பிளாசா’ என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் தளத்தில் தீப்பிடித்தது. விரைந்து வந்த வீரர்கள் கட்டடத்தின் தீயணைப்புக் குழாயில் ஹோஸைப் பொருத்தினார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் அதில் வேகம் இல்லை. கட்டடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வுகள் தவறான அளவில் வைக்கப்பட்டிருந்தன. மூன்று வீரர்கள் உயிரிழந்தனர். எட்டுத் தளங்கள் எரிந்து போயின. கடைசியில் தீ நின்றது 30ஆம் தளத்தில். அந்தத் தளத்தில், சூடேறினால் தானாக நீர் பொழியும் ஸ்பிரிங்ளர்கள் இருந்தன. தெருவில் நின்ற தீயணைப்பு வண்டிகள் தள்ளிக் கொடுத்த தண்ணீரில், பத்தே பத்து ஸ்பிரிங்ளர் முனைகள் நெருப்பை மேலே ஏறவிடாமல் தடுத்துவிட்டன.

தொட்டி நிறையத் தண்ணீர் இருப்பது வேறு; தேவையான அளவு, தேவையான அழுத்தத்தில் அது மேலே வந்து சேர்வது வேறு. வந்து சேருமா என்பதை ஓடவிட்டுப் பார்த்தால்தான் அறிய முடியும். அதற்காகத்தான் தீயணைப்புப் பம்புக்கு ஆண்டுதோறும் தேர்வு வைக்கிறார்கள்.

அந்தப் பம்ப் எப்போது ஓடும்? ஸ்பிரிங்ளர் முனையில் திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும். சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸில் உடையும். உடைந்த முனை மட்டுமே நீரைப் பொழியும். மற்றவை மூடியே இருக்கும். முனை திறந்ததும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. சின்னச் சின்னக் கசிவுகளை ஈடுகட்டும் ஜாக்கி பம்பால் இந்த இறக்கத்தைச் சமாளிக்க முடியாது. உடனே பெரிய பம்ப் தானாக ஓடத் தொடங்கும். மின்சாரம் இல்லாவிட்டால் டீசல் பம்ப் கைகொடுக்கும்.

இந்தப் பெரிய பம்பை மூன்று நிலைகளில் சோதிக்கிறார்கள். முதலில், தண்ணீரை வெளியே விடாமல் ஓட்டுவார்கள். அடுத்து, பம்பின் மேல் குறித்திருக்கும் முழு அளவு நீரை வெளியேற்றிப் பார்ப்பார்கள். மூன்றாவதாக, அதைப்போல ஒன்றரை மடங்கு. நிமிடத்துக்கு 2,850 லிட்டரை 7 பார் அழுத்தத்தில் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதிப்படி, முதல் நிலையில் அழுத்தம் 9.8 பாரைத் தாண்டக் கூடாது. மூன்றாம் நிலையில் 4,275 லிட்டர் ஓடும்போதும் 4.55 பாருக்குக் கீழே இறங்கக் கூடாது.

முதல் நிலையோடு ஏன் நிறுத்திக்கொள்வதில்லை? குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால், மெலிதாக வரும் நீர்கூட விரலை முட்டும். விரலை எடுத்தால் அதன் பலம் தெரிந்துவிடும். பாதி மூடிய வால்வும் இப்படித்தான் ஏமாற்றும். தண்ணீர் ஓடாதவரை பிரஷர் கேஜ் முழு அழுத்தத்தையே காட்டும். ஓடத் தொடங்கியதும் முள் சரசரவென்று இறங்கும். துருவேறிக் குறுகிய குழாய், உறிஞ்சுபக்கம் சேர்ந்த அடைப்பு, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் தேய்மானம் எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

சோதனையின்போது சுவரோரம் உள்ள ஹெடர் குழாயில் ஹோஸ்களைப் பொருத்தி நீரைப் பீய்ச்ச விடுகிறார்கள். சீறிவரும் நீரின் நட்டநடுவில் பிட்டோ குழாயின் சிறு முனையைப் பிடித்து அழுத்தத்தை அளக்கிறார்கள். அதிலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். அழுத்தம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்குதான் ஆகும். வெளியேறும் நீரைப் பம்புக்கே திருப்பிவிட்டு மீட்டரால் அளக்கும் முறையும் உண்டு. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் சுற்றிச் சுற்றி வருவது அதே நீர்தான் என்பதால், வெளியிலிருந்து பம்புக்குப் போதிய நீர் வருகிறதா என்பது தெரியாது. எனவே மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது வெளியே விட்டுச் சோதித்தே ஆக வேண்டும் என்கிறது விதி.

டீசல் பம்பை வாரந்தோறும் 30 நிமிடம் ஓட்டச் சொல்வதும் காரணத்தோடுதான்: எஞ்சின் முழுச் சூட்டை எட்டினால்தான் அதன் குறைகள் தெரியும். அப்போது பம்பின் தண்டு நுழையும் இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாகக் கசிவதைப் பார்க்கலாம். அது பழுதல்ல. அந்தச் சொட்டுதான் உள்ளே திணித்திருக்கும் கிளாண்ட் கயிற்றைக் குளிரவைக்கிறது. தரை நனைகிறதே என்று நட்டை இறுக்கினால், கயிறு கருகித் தண்டும் தேய்ந்துவிடும்.

ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கும் மூன்று அளவுகளையும் வரைபடத்தில் குறித்துக் கோடு வரைந்து, பழைய கோட்டோடு ஒப்பிட வேண்டும். கோடு கீழே இறங்கியிருந்தால், எங்கோ கோளாறு தொடங்கிவிட்டது என்று பொருள். உங்கள் அடுக்குமாடியிலோ அலுவலகத்திலோ தீயணைப்புப் பம்ப் இருக்கிறதா? “பம்ப் ஓடுகிறது” என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். கடைசியாக எப்போது முழு அளவில் தண்ணீரை விட்டுச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அந்த வரைபடத்தையும் வாங்கிப் பாருங்கள்.