உங்களுக்குத் தெரியுமா?

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளும் யாழ்ப்பாணத்தார்! சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள்.

• கடல் கடக்காமலே வெளிநாட்டுக் கல்லூரி வாழ்க்கை. 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியில் பையன்கள் விடுதியிலேயே தங்கினார்கள். இயூக்ளிட்டின் வடிவகணிதம், அட்சரகணிதம், வானியல் எல்லாம் பாடங்கள். ஆங்கிலத்தோடு தமிழும் உண்டு. முதல் அதிபர் டானியல் பூவர்.

• 'கறோல்' விசுவநாதபிள்ளையின் குடும்பப் பெயரல்ல. படிப்புச் செலவைத் தாங்கிய அமெரிக்கர்கள் விரும்பிய பெயரை மாணவருக்குச் சூட்டுவது மிஷன் வழக்கம். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்துக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே மூச்சில் உறவு வைத்த பெயர்கள் பிறந்தது இப்படித்தான்.

• செமினரியின் பெயரில் 'கல்லூரி' இல்லாததற்கும் காரணம் உண்டு. அமெரிக்கர் நடத்தும் கல்லூரிக்குச் சாசனம் தர பிரித்தானிய ஆட்சி மறுத்துவிட்டது. ஆனால் அதே ஆட்சியின் உயர் அதிகாரி எமர்சன் டெனன்ட், பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு நிகரான இடம் இது என்று 1850இல் எழுதிவைத்தார். வேடிக்கைதான்.

• 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே வளவில் 1872இல் எழுந்தது இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி.

• அட்சரகணிதமும் ஆங்கிலமும் கற்ற தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் பழந்தமிழ் ஏடு தேடி அலைந்தார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் அவரே.