நெருப்பு மலையின் கறுப்பு மணல்!

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக் காவிரியில் ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள். வெளுத்த நிறமாக மின்னும். மேற்கே உள்ள பாறைகளை ஆற்று நீர் காலகாலமாக அரைத்துக் கொண்டு வந்து சேர்த்த மணல் அது. அதில் மின்னுவது வெங்கச்சங்கல் தூள்.

கரியைப் பொடி செய்து கொட்டியது போன்ற கறுப்பு மணலும் நம் நாட்டில் உண்டு. அது இருக்கும் இடம் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு.

தலை மட்டுமே தெரியும் மலை

போர்ட் பிளேர் நகருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து சுமார் 140 கிலோ மீட்டர் தூரத்தில் இத்தீவு இருக்கிறது. அகலம் 3 கிலோ மீட்டர்தான். மனிதர் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. எப்போதோ கொண்டுபோய் விட்ட ஆடுகள் காட்டு ஆடுகளாகித் திரிகின்றன.

இந்தியாவில் இன்றும் கனன்று கொண்டிருக்கும் எரிமலை இது ஒன்றே! உச்சி சுமார் 354 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையைப் போல் நான்கு மடங்குக்கும் அதிக உயரம். இதுவும் தலை மட்டுந்தான். உடம்பு 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடலின் தரையில் ஊன்றி நிற்கிறது.

1787-ல் இது நெருப்பைக் கக்கியதாகக் குறிப்பு இருக்கிறது. பிறகு ஒரு கட்டத்தில் நீண்ட காலம் உறங்கியது. 1991-ல் விழித்துக் கொண்டது. அதன் பின் பல முறை சீறியிருக்கிறது.

மணல் எப்படி வந்தது?

கொதிக்கும் நெருப்புக் குழம்பு கடல் நீரில் விழுந்ததும் சட்டென்று குளிர்ந்து, சுக்குநூறாக வெடிக்கிறது. அந்தத் தூளும் எரிமலைச் சாம்பலுமே கறுப்பு மணல். கடலுக்குள்ளும் அது சரிவாக இறங்கிச் செல்கிறது.

‘பாரன்’ என்றால் ஒன்றும் விளையாத இடம் என்று பொருள். ஆனால் நீருக்குள்ளே பவழங்கள் வளர்கின்றன! கொம்புத் திருக்கைகள் சிறகு விரித்து நீந்துகின்றன!

வேஷக்காரப் பேய்க்கணவாய்

மணல் சரிவில் ஒளிய இண்டு இடுக்கு கிடையாது. மணலில் புதைய வேண்டும், அல்லது வேஷம் போட வேண்டும். இந்தோனேசியாவின் சுலாவெசிக் கடலில் 1998-ல் ஒரு பேய்க்கணவாயைக் கண்டார்கள். அது கடற்பாம்பைப் போலவும் தட்டை மீனைப் போலவும் உருமாறி எதிரியை ஏமாற்றுகிறது!

வெந்த இடத்தில் புது உயிர்

நெருப்புக் குழம்பு பாய்ந்த இடத்தில் பவழம் வெந்து மடிகிறது. மீண்டும் வருமா?

வரும்! இந்தோனேசியாவின் பண்டா தீவில் 1988-ல் எரிமலை வெடித்தது. ஐந்தே ஆண்டுகளில் அந்தப் புதுப் பாறை மேல் 124 வகைப் பவழங்கள் வளர்ந்திருந்ததை விஞ்ஞானிகள் கண்டார்கள். சுற்றியிருந்த கடல் நலமாக இருந்தது. அங்கிருந்து பவழக் குஞ்சுகள் மிதந்து வந்து ஒட்டிக் கொண்டன.

ஆனால் கடல் நீரே சூடாகிவிட்டால்? 2010-ல் அந்தமான் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியது. பவழங்கள் ஏராளமாக வெளுத்து மடிந்தன. எரிமலை ஓரிடத்தைத்தான் சுடும். கடல் சுட்டால் குஞ்சு அனுப்ப அக்கம்பக்கத்தில் யார் மிஞ்சுவார்கள்?

கடலைச் சூடேற்றுவது எரிமலை அல்ல. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விடும் புகைதான். அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.