துளசிதாஸ் பலராம்

துளசிதாஸ் பலராம் (4 அக்டோபர் 1936 – 16 பிப்ரவரி 2023) இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளுக்கும் 1958, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கும் சென்ற இந்திய அணிகளில் இடம்பெற்றவர். 1962-இல் ஜகார்த்தாவில் தங்கம் வென்ற அணியின் இடது ஓர முன்கள ஆட்டக்காரர் இவரே. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரின் பெயர்களும் இந்தியக் கால்பந்து வரலாற்றில் எப்போதும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அந்த மூவரில் மிகக் குறைந்த காலம் ஆடியவர் பலராம்.

இளமை

செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தாயார் பெயர் முத்தம்மா. செகந்திராபாத் ஒரு பாசறை நகரம். ஆங்கிலேயப் படைப்பிரிவுகள் தங்கியிருந்த தென்னிந்திய ஊர்களில் எல்லாம் சிப்பாய்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்துக் கால்பந்து கற்றுக்கொண்ட தலைமுறைகள் உண்டு. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரும் அப்படிப்பட்ட ஊர்தான். வெள்ளைப் படை அணிகள் வைத்திருந்த ரோவர்ஸ் கோப்பையை 1937-லும் 1938-லும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமனும் பெங்களூர்க்காரர். பலராம் வளர்ந்த சூழலும் இதுவே: சம்பாத்தியம் இல்லாவிட்டாலும் பந்து எப்போதும் கண்ணெதிரே இருந்தது.

அவரைக் கண்டெடுத்தவர் ஹைதராபாத் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம். ஊரிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு வந்துபோகக்கூடப் பலராமிடம் காசில்லை என்று தெரிந்ததும், ரகீமே சைக்கிளுக்கு வழி செய்தார் என்று சொல்வார்கள். அக்காலத்தில் தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையில் ஹைதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. பலராம் அந்த அணியில் ஆடினார். இருபது வயதில் மெல்பர்ன் ஒலிம்பிக் அணியிலும் இடம்பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குச் சென்று நான்காம் இடம் பெற்றது. ஆசிய நாடு ஒன்று ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை சென்றது அதுவே முதல் முறை.

ஈஸ்ட் பெங்கால்

1957-இல் பலராம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். தெற்கிலிருந்து வந்த ஆட்டக்காரர்களை அந்தக் கழகத்தின் ரசிகர்கள் ஏற்கெனவே கொண்டாடிப் பழகியிருந்தார்கள். அகமது கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே ஆகிய ஐவரைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்த கூட்டம் அது. அந்த ஐவரின் இடத்தில் தனியாக நிற்க வேண்டிய சுமை பலராமுக்கு வந்தது.

அவர் அதைத் தாங்கினார். ஈஸ்ட் பெங்காலுக்காக 104 கோல்கள் அடித்தார். 1961-இல் அணித் தலைவராக இருந்து கல்கத்தா லீக் பட்டத்தை வென்று தந்ததோடு, 23 கோல்களுடன் அந்த ஆண்டின் லீக்கில் அதிக கோல் அடித்தவராகவும் வந்தார்.

23 என்ற எண்ணை எப்படி மதிப்பிடுவது? இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இங்கிலாந்தில் எவர்டன் கழகத்தின் டிக்சி டீன் 1927-28 பருவத்தில் 39 லீக் ஆட்டங்களில் 60 கோல்கள் அடித்தார். அதற்கு முந்தைய பருவத்தில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் பிரிவில் 37 ஆட்டங்களில் 59 அடித்திருந்தார். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு விதிமாற்றம் இருக்கிறது. 1925 வரை, ஆஃப்சைடு ஆகாமல் இருக்க ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். பிறகு இருவர் போதும் என்றானது. தடுப்பாட்டக்காரர்கள் புதிய விதிக்குப் பழகுவதற்குள் மைய முன்கள ஆட்டக்காரர்கள் கோல்களை அள்ளிவிட்டார்கள். டீனுக்கு இன்னொரு வசதியும் உண்டு. கழகத்திலும் நாட்டு அணியிலும் அவருக்கு ஒரே இடம், ஒரே வேலை. ஓரத்திலிருந்து மற்றவர்கள் தூக்கிப் போடுவார்கள், நடுவில் நின்று அவர் தலையால் முட்டிப் போடுவார். இங்கிலாந்துக்காக அவர் 16 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்தார்.

பலராமின் கல்கத்தா லீக்கோ கோடையில் தொடங்கி மழையில் நனைந்து முடியும் சின்னப் பருவம். சேற்றில் பந்து நகராத நாட்களும் அதில் அடக்கம். அதைவிட முக்கியமானது, நாட்டுக்காக ஆடியபோது அவர் நின்ற இடமே வேறு.

இடது ஓரம்

பி.கே. பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்காரர். சுனி கோஸ்வாமி, ஈஸ்ட் பெங்காலின் பரம எதிரியான மோகன் பாகானில் ஆடியவர். ஆண்டு முழுவதும் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க ஓடிய மூவரையும் ரகீம் ஒரே முன்வரிசையில் நிறுத்தினார். பானர்ஜி வலது ஓரம், கோஸ்வாமி உள்-இடது. கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட பலராமுக்குக் கிடைத்தது இடது ஓரம். இந்தியாவுக்காக அவர் அடித்த கோல்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டமே ஹங்கேரியோடு. பிற்காலத்தில் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஃப்ளோரியன் ஆல்பர்ட் அந்த அணியில் இருந்தார். இந்தியா 2-1 என்றுதான் தோற்றது. இந்தியாவின் கோல் பலராமுடையது. அடுத்து பிரான்சோடு 1-1 சமன். கடைசியில் பெரூவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு திரும்பிய அணிதான் என்றாலும், அந்த ஹங்கேரி ஆட்டத்தை மெல்பர்ன் வெற்றிக்குச் சற்றும் குறையாததாகக் கருதலாம். அந்த ஹங்கேரி வெண்கலத்தோடு ஊர் திரும்பியது.

ஜகார்த்தாவில் இந்தியா தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்றுத் தொடங்கியது. தாய்லாந்தை 4-1 என்றும் ஜப்பானை 2-0 என்றும் வென்ற ஆட்டங்களில் பலராம் கோல் போட்டார். இடையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. ரகீம் அவரை அரையிறுதிக்கு மைய முன்கள ஆட்டக்காரராக இறக்கினார்! பலராமின் சொந்த இடம் காலியாக இருந்தும் அது ஒரு தடுப்பாட்டக்காரருக்குப் போனது. பலராம் இடது ஓரத்திலேயே நின்றார். முடிவு ரகீமின் கணக்கைச் சரியாக்கியது. அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில், இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென் கொரியாவை 2-1 என்று இந்தியா வென்றது. கோல்கள் பானர்ஜிக்கும் ஜர்னைலுக்கும். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

நோயும் பிற்காலமும்

1962-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பலராமுக்கு வழங்கப்பட்டது. ஈஸ்ட் பெங்காலை விட்டு பெங்கால் நாக்பூர் ரயில்வே அணிக்கு மாறியவரை நுரையீரல் உறை அழற்சி தாக்கியது. ஓட்டமே மூலதனமான ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்கினால் மாற்றுவழி ஏது? 27 வயதை ஒட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். ஜூன் 1963-இல் ரகீமும் புற்றுநோயால் காலமாகியிருந்தார். பானர்ஜியும் கோஸ்வாமியும் மேலும் சில ஆண்டுகள் ஆடினார்கள். இருவருக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்குக் கிடைக்கவில்லை.

அவர் ஹைதராபாத்துக்குத் திரும்பவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில் திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்தார். கோஸ்வாமியும் பானர்ஜியும் 2020-இல் சில வார இடைவெளியில் மறைந்தபின் மூவரில் எஞ்சியவர் அவர் ஒருவரே. 2023-இல் கொல்கத்தாவில் காலமானார். ரகீமின் வாழ்க்கையையும் ஜகார்த்தா தங்கத்தையும் சொல்லும் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது.