உள்ளே ஒரு தையல், தைக்காமலும் ஒரு வழி

மலக்குடல் கட்டியை ஆசனவாய் வழியாகவே எடுத்துவிட்டு, தையல் போடாமல் அனுப்பிவிட்டார்களாம். "புண்ணைத் திறந்தபடி விடலாமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. பல நேரங்களில் விடலாம்.

ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் பூஸ் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய அறுவை முறை இது. நான்கு சென்டிமீட்டர் அகலக் குழாயைச் செருகி, கார்பன் டை ஆக்சைடால் மலக்குடலை விரித்துக்கொண்டு கட்டியை அறுத்தெடுப்பார்கள். வயிற்றில் கீறலே இராது.

தைப்பதானால், என்னை வியக்கவைப்பது அந்தத் தையல்தான். அவ்வளவு குறுகலான குழாய்க்குள் முடிச்சுப் போடுவது பெரும்பாடு. அதனால் நூலின் முனையில் சிறு வெள்ளிக் கவ்வியை வைத்து நசுக்கிவிடுவார்கள். முடிச்சின் வேலையை அது செய்துவிடும். எங்கள் வீட்டு மின் மீட்டரில் கம்பியைக் கோத்து ஈய வில்லையை நசுக்கி முத்திரை வைத்திருப்பார்களே, அதே உத்தி. இப்போது முடிச்சே தேவைப்படாத, சிறு முட்கள் கொண்ட நூலும் வந்துவிட்டது.

சரி, தைக்காமல் விட்டால் எப்படி ஆறும்? மலக்குடலின் கீழ்ப்பகுதியைச் சுற்றிக் கொழுப்புத் திசு இருக்கிறது. சுவரை முழு ஆழத்துக்கு அறுத்தாலும் அந்தக் கொழுப்புதான் புண்ணின் தரை. ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால், தினமும் மலம் போகும் வழியாக இருந்தும் அடியிலிருந்து சதை வளர்ந்து மூடிக்கொள்கிறது. தைத்தவர்களையும் தைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் தொற்று விஷயத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தைத்தால் ரத்தக்கசிவு குறையலாம் என்பதால் பல மருத்துவர்கள் தைக்கவே விரும்புகிறார்கள். ஆனால் மேற்பகுதியில் அறுக்கும்போது வயிற்றறை திறந்துகொண்டால் தைத்தே ஆகவேண்டும். அங்கே விருப்பத்துக்கு இடமில்லை.

மலக்குடலின் உட்பரப்பில் தோலைப் போல வலி தெரியாது. பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். சில வாரங்களுக்கு மலம் அவசரமாக வரலாம், வாயுவை அடக்க முடியாமல் போகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், கடும் வயிற்றுவலி, கட்டியாக ரத்தம் போதல் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புற்றாகாத கட்டிக்கும் மிகத் தொடக்கநிலைப் புற்றுக்கும்தான் இந்த முறை பொருந்தும். ஏனென்றால் நிணநீர் முடிச்சுகளை இதில் எடுப்பதில்லை. அதனால் சீக்கிரமே கண்டுபிடிப்பது முக்கியம். நம் ஊரிலோ மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்றும் உடல்சூடு என்றும் நாமே முடிவுகட்டி, வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைக்கிறோம். விரல் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். சோதிக்காமல் மூல மருந்து எழுதித் தந்தால், தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், உள்ளே பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."