நாய்க்குப் பூச்சி மாத்திரை: எடை பார்த்துக் கொடுங்க!

உங்கள் வீட்டு நாய்க்குக் கடைசியாக எப்போது பூச்சி மாத்திரை கொடுத்தீர்கள்? "போன பொங்கலுக்குக் கொடுத்த ஞாபகம்" என்பது உங்கள் பதிலானால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

குடற்புழு நாயின் பிரச்சினை மட்டும் இல்லை, வீட்டுப் பிள்ளைகளின் பிரச்சினையும்தான். நாயின் மலத்தோடு வெளியேறும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். அந்த மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைத்தால் முட்டை உள்ளே போய்விடும். அதிலிருந்து வரும் இளம்புழு ஈரல், நுரையீரல் என்று உடலுக்குள் அலையும். சிலருக்குக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே பாதிக்கும். கொக்கிப்புழுவின் இளம்புழு, வெறுங்காலில் நடப்பவரின் தோலைத் துளைத்து நுழைந்து, வளைந்து வளைந்து போகும் அரிப்புக் கோடுகளை உண்டாக்கும்.

"எங்க குட்டி வெளியே போறதே இல்லையே!" என்று சொல்லாதீர்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருளைப்புழு குட்டிக்கு வந்துவிடும். தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால்தான் பிறந்த 2 வாரத்திலேயே முதல் தவணை தொடங்குகிறது. 8 வார வயதுவரை 2 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம்வரை மாதம் ஒருமுறை, வளர்ந்த நாய்க்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. உங்கள் நாய்க்கு இதில் மாற்றம் தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். தேதியைச் செல்போன் நாட்காட்டியில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரை இருக்கும். "பூச்சி மாத்திரைதானே, பாதி கொடுத்தா ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்வார்கள். செல்போனில் வந்த ஏதோ ஒரு வீடியோவும் அதையே சொல்லும். தயவுசெய்து கேட்காதீர்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குத் தரும் அல்பெண்டசோல், நாயின் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்த அணுக்களைக் குறைத்துவிடக்கூடும்.

ஐவர்மெக்டின் இன்னும் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். இதயப்புழுவைத் தடுக்க நாய்க்குத் தரும் மாத அளவு, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 10 கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம் போதும். மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 12,000 மைக்ரோகிராம், அதாவது 200 மடங்கு! சொறி நோய்க்கு மருத்துவர் கூடுதல் அளவு தருவது உண்டு. அது அவருடைய கண்காணிப்பில் நடப்பது. காலி போன்ற சில இன நாய்களுக்கு மரபிலேயே இந்த மருந்தைத் தாங்கும் சக்தி குறைவு. தள்ளாட்டம், நடுக்கம், எச்சில் ஒழுகல், கண்மணி விரிந்து பார்வை மங்குதல் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது.

சரியான மருந்தாக இருந்தாலும் அளவு எடையைப் பொறுத்தது. நீங்கள் மட்டும் தராசில் ஏறிப் பாருங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். முதலில் 62 கிலோ, அடுத்து 75 கிலோ என்றால் நாய் 13 கிலோ. பல மாத்திரைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகின்றன. பெரிய நாய்க்கென்று அதிக அளவில் ஒரே மாத்திரையாக வருவதும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுத்த அளவைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. நாய் சினையாக இருந்தாலோ, நோயுற்றிருந்தாலோ, முன்பு வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கான சில மாத்திரைகள் வலிப்பு உள்ள நாய்க்கு ஆகாது.

கொடுப்பது எப்படி? ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியிலோ இட்லியிலோ மறைத்துக் கொடுத்தால் பாதி நாய்கள் விழுங்கிவிடும். முதலில் மருந்தில்லாத துண்டு ஒன்று, அடுத்து மருந்துள்ளது, உடனே இன்னொரு வெறும் துண்டு. சாக்லேட்டிலும் திராட்சையிலும் மறைக்காதீர்கள், இரண்டுமே நாய்க்கு விஷம். துப்பிவிடுகிற நாயாக இருந்தால், மேல்தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகையால் கீழ்த்தாடையைத் திறந்து, நாக்கின் பின்பகுதியில் மாத்திரையை வையுங்கள். வாயை மூடி, தொண்டையை மெல்லத் தடவுங்கள். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். கடிக்கும் சுபாவமுள்ள நாயிடம் இந்த வீரமெல்லாம் வேண்டாம், மருத்துவரிடமே கொண்டுபோங்கள்.

குட்டிகளுக்கான திரவ மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும்.

மருந்து கொடுத்த பிறகு மலத்தில் புழு வரலாம், பயப்பட வேண்டாம். நாடாப்புழு குடலிலேயே கரைந்துபோவதால் கண்ணில் படாமலும் போகலாம். வாந்தி எடுத்தால் நீங்களாக மறுபடி கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். ஆசன வாய் அருகே அரிசி போல ஒட்டியிருப்பது நாடாப்புழுவின் துண்டு. அது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வருகிறது, அதனால் தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வரும். மலத்தையும் அன்றன்றே அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: பூச்சி மாத்திரை வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆகாது, அதைத் தனியாகப் போட வேண்டும். ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண் 1962. போகும்போது முன்பு கொடுத்த மாத்திரை அட்டையின் பெயர், அளவு, காலாவதித் தேதி தெரியும்படி படம் எடுத்துச் செல்லுங்கள். மீதி மாத்திரைகளை அலமாரியில் பூட்டி வையுங்கள். இப்போது கறிச்சுவையில் வரும் மாத்திரைகளைத் தின்பண்டம் என்று நினைத்து, அட்டையோடு மென்றுவிடும் நாய்களும் உண்டு.