அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றோட்டமும் காசநோயும்

காசநோய் காற்றின் வழியே பரவுகிறது. நோயாளி இருமும்போது வெளிப்படும் கிருமிகள், காற்றோட்டமற்ற அறையில் பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும். மும்பை கோவண்டியின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்கள் மிக நெருக்கமாக எழுப்பப்பட்டதால், கீழ்த்தள வீடுகளுக்கு வெளிச்சமும் காற்றும் எட்டவில்லை. அங்குக் காசநோய் மிகுந்து காணப்பட்டது. எனவே, கட்டடங்களுக்கிடையே போதிய இடைவெளியும், வீடுதோறும் எதிரெதிர்ச் சன்னல்களும் அமைதல் வேண்டும்.

வீட்டில் நோயாளி இருப்பின், சன்னல்களைப் பகலில் திறந்தே வைக்கவும். அலமாரியால் மறைக்க வேண்டாம். மருந்தை முறையாக உட்கொண்டால் பரவும் தன்மை சில வாரங்களில் பெரிதும் குறையும். ஆதலால் நோயாளியை வெறுத்து ஒதுக்கத் தேவையில்லை. குடும்பத்தினர் எவருக்கேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவும். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.