கோபத்தின் முகவரி மாறிய கதை

ஒவ்வொரு வருடமும் ஜூலை 9ஆம் திகதி நெருங்கும்போது எமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே செய்தி மீண்டும் வலம் வரும். ஜனாதிபதி மாளிகையின் நீச்சல் தடாகத்தில் இளைஞர்கள் குதிக்கும் படம். ஜனாஸாக்களை எரித்தவரை அல்லாஹ் நாட்டை விட்டே ஓட வைத்தான் என்ற கருத்தில் அதன் கீழே நாலு வரி. அதற்குக் கீழே வரிசையாக ஆமீன்கள்.

அந்த உணர்வு எனக்கு விளங்காமல் இல்லை. 2022இல் அந்த நாள் எமக்கு அறபா நோன்பு தினம். மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். நோன்போடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பலரின் கண்கள் கலங்கியிருந்தன. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடலை எரித்ததையும், பொரளை கனத்தை மயானத்தின் கம்பி வேலியில் கட்டப்பட்ட வெள்ளைத் துணிகளையும் அவ்வளவு இலகுவில் யாரும் மறந்துவிட முடியாது. அல்லாஹ்வின் ஏற்பாடு பற்றித் தீர்ப்புச் சொல்லவும் நான் ஆளில்லை.

ஆனால் நான் ஓர் ஆசிரியன். என்னுடைய சாதாரண தர வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்ட கேள்விக்கு அந்த நாலு வரியில் பதில் இல்லை. "சேர், 2019இல அவருக்கு வோட்டுப் போட்ட ஆக்கள்தானே 2022இல அவரத் துரத்தினாங்க? அப்ப எங்கட மேல அவங்களுக்கு இருந்த கோபம் எங்க போச்சு?"

வகுப்பில் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் கனம் விளங்கியது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு 69 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன, 52 சதவீதத்துக்கும் அதிகம். அந்த வாக்குகளில் கணிசமான பகுதி எம்மைப் பற்றிய அச்சத்தின் மீது எழுப்பப்பட்டது என்பது இரகசியமல்ல. மூன்று வருடம் நிறைவதற்கு முன்பே "கோட்டா கோ ஹோம்" என்று முழங்கியவர்களில் அதே வாக்காளர்களும் அவர்களது பிள்ளைகளும் இருந்தார்கள். இவர்கள் மனம் திருந்திவிட்டார்களா? நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலானோர் திருந்தவில்லை. அவர்களுடைய கோபத்தின் முகவரிதான் மாறியது.

கோபம் தானாக முகவரி எழுதிக்கொள்வதில்லை. மனிதனுக்கு முதலில் வருவது ஒரு வலி. கடன், வேலையின்மை, அச்சம், அவமானம் என்று ஏதோ ஒன்று. அதற்கு யார் காரணம் என்று இன்னொருவர் கதை சொல்ல வேண்டும். கதையில் வரும் எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், திருப்பி அடிக்க முடியாதவனாகவும் இருக்க வேண்டும். அவனை அடித்தால் பெரிதாக எதுவும் நடக்காது என்ற தைரியமும் வேண்டும். இவை கூடிய இடத்தில் கடைகள் எரியும்.

2018இல் எல்லாம் கூடின. அந்த வருடம் பெப்ரவரி 26இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் ஹோட்டலின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கிளப்பிய கதை, வைத்திய அறிவு துளியும் இல்லாத கதை. உணவில் கலந்து நிரந்தர மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனாலும் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் திகன, தெல்தெனிய எரிந்தது. நான் வசிப்பது திகனயிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஊரில். எரிந்த கடையின் மணம் மழை பெய்தாலும் போகாது என்பதை அந்த மார்ச் மாதத்தில்தான் அறிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எமது பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் செய்த அந்தக் கொடூரத்தால் மக்களுக்கு வந்த கோபம் முற்றிலும் நியாயமானது. முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்திருந்தும் அரசாங்கம் தடுக்கவில்லை. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. 2019 மே மாதத்தில் அந்தக் கோபம் போன முகவரி எது? மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் இருந்த சாதாரண வியாபாரிகளின் கடைகள். ஹசலகவில் ஒரு பெண் அணிந்திருந்த சட்டையில் இருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மச்சக்கரம் என்று சொல்லப்பட்டு அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று பத்திரிகையின் முதற்பக்கத்திலேயே எழுதினார்கள்.

இதே கோபம் 2022இல் ஏன் எம் பக்கம் வரவில்லை?

திருப்பிவிட முயற்சி நடக்காமல் இல்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி இரவு, 13 மணித்தியால மின்வெட்டில் வெந்துபோன மக்கள் மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்துக்கு முன்னால் திரண்டார்கள். மறுநாள் ஜனாதிபதி ஊடகப் பிரிவு ஓர் அறிக்கை விட்டது. இதன் பின்னால் தீவிரவாதக் குழுவொன்று இருக்கிறது, அவர்கள் அரபு வசந்தம் பற்றிக் கோஷமிட்டார்கள் என்றது. 'தீவிரவாதம்', 'அரபு' என்ற இரண்டு சொற்களும் இந்த நாட்டில் யாரைச் சுட்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு முன்னர் என்றால் அது போதுமாக இருந்திருக்கும். அன்று சிங்கள இளைஞர்கள் அதைப் பகிடி பண்ணிப் படம் போட்டார்கள்.

காரணம், அதற்குள் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது எந்த நானாவும் அல்ல. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தது யார் என்று வயலில் நின்ற ஒவ்வொரு விவசாயிக்கும் தெரியும். நாம் ஆசிரியர்கள் 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோதே இதன் முதல் அறிகுறியைக் கண்டேன். கண்டியில் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் என் இரு பக்கமும் சிங்கள ஆசிரியர்கள் நின்றார்கள். யாரும் யாருடைய தொப்பியையும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அன்று வேறு முகவரி இருந்தது.

வரிசைக்கு ஒரு குணம் உண்டு. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. அதைவிடப் பெரிய விடயம், காசு இருந்தும் கிடைக்கவில்லை. வரிசையில் வைத்தியரும் கூலித் தொழிலாளியும் ஹாஜியாரும் ஹாமதுருவும் ஒரே வெயிலில் நிற்கிறார்கள். 'முஸ்லிம்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள்' என்ற கதையை, முன்னால் வெறும் காஸ் சிலிண்டரோடு நிற்கும் முஸ்லிம் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நம்ப முடியாது. பத்து வருட சகவாழ்வு மாநாடுகள் செய்யாததை மூன்று மாத வரிசை செய்தது. (அந்த மாநாடுகள் சிலவற்றில் நானும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவன்தான்.)

ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரங்கள் எழுந்தபோது நோன்பு முதல் பத்தில் இருந்தது. அங்கே நடந்த இப்தார்களின் படங்கள் எம்மை நெகிழ வைத்தன. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கு நீதி கேட்ட குரல்களும் அங்கே ஒலித்தன, மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அங்கே பரிமாறப்பட்டது. இவை சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் எமது ஊர்களில் பலர், இது சிங்களவர்களின் வீட்டுச் சண்டை, நாம் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றே சொன்னார்கள். நானும் என் பழைய மாணவர்கள் இருவரிடம் போக வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் போனார்கள். அவர்கள் செய்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது மே 9. அதைப் பற்றி எமது குழுமங்கள் அதிகம் பேசுவதில்லை. அன்று காலை அலரி மாளிகையில் கூடிய ஆளும் தரப்பு ஆதரவாளர்கள் காலிமுகத்திடலுக்கு வந்து போராட்டக்காரர்களைத் தாக்கினார்கள். மாலையில் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். இரவோடு இரவாக நாடெங்கும் ஆளும் தரப்பு அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். அந்த இரவில் எமது வட்ஸ்அப் குழுமங்களில் வந்தவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அளுத்கமக்கு இது, திகனக்கு அது" என்று எரியும் வீடுகளுக்குக் கணக்கு எழுதினார்கள். எனக்கும் ஒரு கணம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். கைத்தொலைபேசியில் அந்தக் காணொளியை இரண்டாம் முறை பார்த்தபோதுதான், ஒரு வீட்டின் வாசலில் சிறுபிள்ளையின் துவிச்சக்கர வண்டி ஒன்று எரிவது கண்ணில் பட்டது. திகனயிலும் அப்படியொன்றைப் பார்த்திருக்கிறேன்.

பகை இருந்தாலும் நீதி தவறக் கூடாது என்பதை சூரா அல்மாஇதாவின் 8ஆவது வசனத்தை ஓதி எத்தனை ஜும்ஆக்களில் எமக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த இரவில் எமது கோபத்துக்கும் யாரோ முகவரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாமும் அனுப்பிக்கொண்டிருந்தோம். அரசியல்வாதியின் குற்றத்துக்கு அவன் வீட்டுப் பிள்ளையை எரிப்பது, ஸஹ்ரானின் குற்றத்துக்கு மினுவாங்கொடைக் கடைக்காரனை எரித்ததிலிருந்து எந்த விதத்தில் வேறு?

பிறகு கோபம் அடங்கியது. ஜூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிவு செய்தது. 22ஆம் திகதி விடிவதற்கு முன்னர் படையினர் கூடாரங்களைப் பிடுங்கினார்கள். ஆனால் படையினரால் மட்டும் அடங்கவில்லை. கியூஆர் அட்டை வந்து வரிசை மறைந்தது. மக்களின் கஷ்டம் அப்போது குறைந்திருக்கவில்லை. பணவீக்கம் உச்சத்தைத் தொட்டது அதற்குப் பிறகு, செப்டெம்பரில்தான்: கிட்டத்தட்ட 70 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மாத்திரம் ஏறக்குறைய 95. மின்கட்டணம் ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. ஆனாலும் 2022இல் கண்ட கூட்டம் வீதிக்கு வரவில்லை. வரிசை மனிதர்களை ஓரிடத்தில் கூட்டுகிறது. மின்பட்டியல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும்தான் சண்டை பிடிக்கிறார்கள்.

அந்தக் கோபம் காத்திருந்து வாக்குப் பெட்டிக்குள் போனது. 2019இல் 3 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க 2024இல் 42 சதவீதம் பெற்றார். எம்மை எதிரியாகக் காட்டாத ஒரு தேர்தலைப் பல வருடங்களுக்குப் பிறகு கண்டோம். நல்லது. ஆனால் எமது காயத்தின் கணக்கு முடியவில்லை. பலவந்த எரிப்புக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அந்த முடிவை எடுத்தவர் எவரும் அதற்காக இதுவரை தண்டிக்கப்படவில்லை. எமது பக்கத்திலும் கணக்கு உண்டு. ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில், ஜனாதிபதிக்கு மேலும் அதிகாரம் கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு எதிரணியில் இருந்த எமது உறுப்பினர்கள் சிலர் கை உயர்த்தினார்கள். ஜூலை 9 செய்தியை அனுப்புபவர்கள் அதை அனுப்புவதில்லை.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். 2022 ஜூன் மாதம் இரண்டு இரவுகள் மோட்டார் சைக்கிளோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சிங்கள முச்சக்கர வண்டிச் சாரதி. முதலில் "நானா" என்றார், ஆசிரியர் என்று தெரிந்ததும் "சேர்" என்றார். அவருடைய மனைவி கட்டிக் கொடுத்த ரொட்டியை இருவரும் சாப்பிட்டோம். 2019இல் எமது கடைகளுக்குப் போவதை நிறுத்தியதாகவும், இப்போது மீண்டும் போவதாகவும் அவரே சொன்னார். தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அந்த மாதத்தில்தான் வைத்தியர் ஷாபி தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையை அத்தியாவசிய மருந்து வாங்குவதற்காகச் சுகாதார அமைச்சுக்கே திருப்பிக் கொடுத்திருந்தார். அந்தச் செய்தியை அவரும் பார்த்திருந்தார். நல்ல மனுஷன் என்றார்.

இரவு இரண்டு மணியளவில், ஊரெல்லாம் இருட்டாக இருந்தபோது, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "சேர், கோபிக்க வேண்டாம். அந்த மாத்திரைக் கதை... அதில் கொஞ்சமாவது உண்மை இல்லையா?"

விடியும் வரை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. ஆறு மணிக்கு பவுசர் வந்தது, வரிசை நகர்ந்தது.